அம்மப்பாவின் கூத்துக் கசெற்றுகள்: எம்பி3 ஆகவா, வேவ் ஆகவா வைப்பது?

வந்தாறுமூலையான்
வணக்கம். என் அம்மப்பா அண்ணாவியார், வடமோடிக் கூத்துப் பழக்கியவர். கூத்துக் களரிக்குப் பக்கத்தில் ரேப் ரெக்கோடர் வைத்துப் பிடித்த கசெற்றுகள் 14 பிஸ்கற் ரின்னுக்குள் கிடந்தன. 9 கசெற் 60 நிமிடம், 5 கசெற் 90 நிமிடம். ரேப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து லப்டொப்பின் மைக் துளைக்கு வயர் போட்டு, ஓடாசிட்டி என்ற மென்பொருளில் பதிகிறேன். முதல் இரண்டையும் 128 கிலோபிட் எம்பி3 ஆகச் சேமித்தேன். ஒரு மணி நேரம் 58 எம்.பி. கூட வரவில்லை, சந்தோஷம்தான். ஆனால் சல்லாரி (கைத்தாளம்) விழும் இடமெல்லாம் தண்ணீருக்குள் தட்டுவது போல் கேட்கிறது. மத்தளம் பரவாயில்லை. வேவ் ஆக வைக்கலாமென்றால் லப்டொப்பில் மிச்சம் 11 ஜி.பி.தான். ஒரு கசெற்றைப் பதிந்து முடிக்கவே இரண்டரை ஜி.பி. போய்விட்டது! இருக்கிற எம்பி3ஐ வேவ் ஆக மாற்றினால் சரிவருமா?

கோட்டைமுனை
தம்பி, கசெற்றே இரைச்சல். அதற்கு வேவ் எதற்கு? எம்பி3ஐ 320 இல் போட்டு வையுங்கள், காது வித்தியாசம் பிடிக்காது.

கல்முனை ஸ்டூடியோ
மேலே சொன்ன தம்பியோடு பாதி ஒத்துப்போகிறேன். கேட்பதற்கு 320 தாராளம். ஆனால் இது வைத்திருப்பதற்கான பிரதி. அதை எம்பி3 ஆக வைத்தால், பின்னொரு நாள் வெட்டி, சத்தம் கூட்டி, திரும்ப எம்பி3 ஆகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். இரைச்சல் இருக்கிறது என்பதும் எம்பி3க்கு எதிரான காரணம்தான். ஹிஸ், அதாவது அந்த நாடா இரைச்சல், ஒழுங்கில்லாத சத்தம், அதைச் சுருக்கவே நிறைய பிட் செலவாகும். 128 இல் அந்தச் செலவுக்குப் பிறகு சல்லாரிக்கு மிஞ்சுவது சொற்பம்.

எம்பி3ஐ வேவ் ஆக்குவது பற்றி: குத்திய அரிசியைத் திரும்ப நெல்லாக்கி விதைக்க ஏலாது. ஃபைல் பத்து மடங்கு பெருக்கும், போன சத்தம் வராது.

அந்த இரண்டரை ஜி.பி. வேவின் கணக்கு அல்ல. சீடி தரத்தில் (44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ) நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்.பி.தான், ஒரு மணி நேரம் 635 எம்.பி. ஓடாசிட்டி உள்ளுக்குள் 32 பிட்டாக வைக்கும், அது ஒரு மணி நேரத்துக்கு 1.27 ஜி.பி. அதில் ஏதாவது எஃபெக்ட் போட்டால் பழையதையும் அண்டூவுக்காகப் பிடித்துக்கொள்ளும். சரியாக இரட்டிப்பு. அதனால் ஒரு கேள்வி: இரைச்சலைக் குறைக்கும் நொய்ஸ் ரிடக்‌ஷன் போட்டீர்களா?

வந்தாறுமூலையான்
ஓம் காக்கா, போட்டேன். இரைச்சல் காதைப் பிடுங்கியது. அளவை முழுக்க ஏற்றிப் போட்டேன்.

கல்முனை ஸ்டூடியோ
அப்போ தண்ணீர் அங்கேயிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். சல்லாரியின் அதிர்வும் ஹிஸ்ஸும் ஒரே உயர்ந்த அதிர்வெண்ணில் கிடப்பவை. நீங்கள் ஹிஸ்ஸை வழிக்கும்போது சல்லாரியின் வாலும் சேர்ந்து அறுந்துவிடும். மறுகா அந்தக் காயத்தின் மேல் 128 எம்பி3 வேறு. பார்மற்றை மட்டும் குறை சொல்ல முடியாது.

சும்மா நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். சல்லாரி நன்றாக விழும் இரண்டு நிமிடத்தைப் புதிதாகப் பதியுங்கள். எஃபெக்ட் ஒன்றும் வேண்டாம். அதை வேவ், 320, 128 என்று மூன்றாக எடுத்து ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

இன்னொன்று, மைக் துளையை விடுங்கள். பெரும்பாலான லப்டொப்பில் அது மோனோ, மைக்கின் சின்னச் சத்தத்துக்குச் செய்தது. ரேப்பிலிருந்து வரும் சத்தம் அதில் உடைந்துவிடும், உடைந்ததை எந்த பார்மற்றாலும் ஒட்ட முடியாது. லைன் இன் உள்ள யூ.எஸ்.பி. ஓடியோ கருவி ஒன்று வாங்குங்கள். சத்தத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபலுக்கு மேலே போகாமல் பார்த்துப் பதியுங்கள்.

களுதாவளை பிள்ளை
காக்கா, ஃபிளாக் பார்மற் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே?

கல்முனை ஸ்டூடியோ
வரத்தான் இருந்தேன், கல்யாண வீட்டு வீடியோ ஒன்று கழுத்தை நெரித்தது. ஃபிளாக் சுருக்கும், ஆனால் எதையும் எறியாது. விரித்தால் வேவில் இருந்த ஒவ்வொரு பிட்டும் அப்படியே வரும். 2001 முதல் இருக்கிறது, காசு இல்லை. ஃபைலுக்குள்ளேயே சரிபார்ப்பு எண் ஒன்றை வைத்திருப்பதால், பத்து வருடம் கழித்து ஃபைல் கெட்டதா இல்லையா என்று சோதிக்கலாம். சாதாரண வேவில் அது இல்லை. 4 ஜி.பி.க்கு மேல் வேவ் திணறும், ஃபிளாக்குக்கு அந்தத் தொல்லையும் இல்லை. விடிய விடிய ஆடும் கூத்தை ஒரே ஃபைலாகப் பிடிப்பவர்களுக்கு அது பெரிய விசயம்.

ஒலி, ஒலி-ஒளி ஆவணக்காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் பழைய பதிவுகளுக்குக் குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்கிறது. உங்கள் 14 கசெற்றும் 990 நிமிடம். அந்தத் தரத்தில் வேவ் ஆக 17 ஜி.பி. ஹிஸ் நிறைய இருப்பதால் ஃபிளாக் பாதியாகக் குறையாது. நான் செய்த கசெற்றுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு வந்தது. ஆக 11, 12 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் அடங்கும். ஒவ்வொரு கசெற்றும் முடிந்ததும் ஃபிளாக் ஆக எடுத்து, திறந்து கேட்டுப் பார்த்து, ஓடாசிட்டி ஃபைலை அழியுங்கள். லப்டொப் நிரம்பாது. இன்னொரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள், மார்கழி வெள்ளம் ஆளுக்கு ஆள் பார்க்காது.

சொந்தக்காரருக்கு 192 எம்பி3 அனுப்புங்கள். நொய்ஸ் ரிடக்‌ஷன் வேண்டுமென்றால் அந்தப் பிரதியில் மட்டும், மெல்லிதாக.

வந்தாறுமூலையான்
யூ.எஸ்.பி. கருவி வந்தது. சோதித்தேன். காக்கா சொன்னதுதான்: எஃபெக்ட் போடாத 128 இலும் சல்லாரி கொஞ்சம் நசிகிறது, ஆனால் அந்தத் தண்ணீர் இல்லை. 320க்கும் வேவுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கோட்டைமுனை அண்ணாவும் பொய் சொல்லவில்லை. வைப்பதற்கு ஃபிளாக் என்று முடிவு.

அப்புறம் ஒன்று. வழிக்காத பதிவில், வரவுத் தரு (பாத்திரம் களரிக்கு வரும்போது பாடும் பாட்டு) முடிந்து பிற்பாட்டுக்காரர் இழுக்கும் இடத்தில், தூரத்தில் கடலை விற்கும் ஒருவர் “கச்சான், கச்சான்” என்று கூவிக்கொண்டு போகிறார். என் பழைய எம்பி3இல் அந்த ஆளே இல்லை. அம்மா அதை நாலு தரம் போடச் சொன்னா.

12 கசெற் முடிந்தது. 13ஆவதில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம். ஓட்டலாமா?

கல்முனை ஸ்டூடியோ
ஓட்ட வேண்டாம்! ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெற்றுக்கும் பரவும். சிலிக்கா ஜெல் பைகளோடு தனி டப்பாவில் மூடி வையுங்கள். முதலில் 14ஆவதைப் பதிந்து முடியுங்கள். நாடாவைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.