சிப்ல கண்ட்ரோல்லயும் கேன்சர் செல் சுவரைத் தாண்டுது, எங்க சொதப்புறேன்?

குழலி:
வணக்கம் மக்களே. மார்பகக் கேன்சர் செல் ரத்தக்குழாய விட்டு வெளிய வர்றதப் பாக்க மூணு சேனல் பிடிஎம்எஸ் (சிலிகான் ரப்பர்) சிப் பண்ணிட்டிருக்கேன். நடுவுல கொலாஜன் ஜெல், ஒரு பக்கம் ஹுவெக் செல்லால (தொப்புள்கொடி ரத்தக்குழாயோட உள்சுவர் செல்) ரத்தக்குழாய் சுவர், எதிர்ப்பக்கம் கேன்சர் செல்ல இழுக்குற சிஎக்ஸ்சிஎல்12 புரோட்டீன். சுவர் பக்கத்துல எம்டிஏ-எம்பி-231 (நல்லா ஊடுருவுற மார்பகக் கேன்சர் செல் ரகம்) விடுறேன். ஆக்சிஜன் பிளாஸ்மா போட்டு கண்ணாடில ஒட்டின கையோட ஜெல் ஏத்துனா பாதி சிப்ல ஜெல், சேனலுக்கு நடுவுல வரிசையா நிக்குற தூண் இடுக்கு வழியா பக்கத்து சேனலுக்கு வழிஞ்சிடுது. சரி தப்பிச்சதுல பாக்கலாம்னா, சிஎக்ஸ்சிஎல்12 போடாத கண்ட்ரோல்லயும் அதே அளவு செல் ஒரே ராத்திரில ஜெல்லுக்குள்ள போய் உக்காந்திருக்கு! ஆனா ஹுவெக் தரை முழுக்க பாய் விரிச்ச மாதிரி அழகா இருக்கு. கொலாஜன் 2 மிகி/மிலி, 37 டிகிரில அரை மணி நேரம். கைடு வேற அடுத்த வாரம் டேட்டா கேக்குறாரு.

முத்து:
ஜெல்லோட பிஹெச் பாத்தீங்களா?

குழலி:
7.4 தாங்க, ரெண்டு தடவை பாத்தாச்சு.

ரவி_சிப்:
ஒட்டின கையோட ஏத்துறதுதான் தப்பு. பிளாஸ்மா போட்டா பிடிஎம்எஸ் தண்ணியை இழுக்கும், அப்புறம் ஜெல் தூண்கிட்ட எப்படி நிக்கும்? ஒட்டினதும் பாலி-டி-லைசின் (ஜெல்ல பரப்போட பிடிச்சு வைக்கிற பூச்சு) 1 மிகி/மிலி 4 மணி நேரம் விட்டு, தண்ணில கழுவி, உறிஞ்சி எடுத்துட்டு 80 டிகிரி ஓவன்ல ஒரு நாள் முழுக்க வைங்க. பரப்பு திரும்பத் தண்ணியைத் தள்ள ஆரம்பிக்கும், லைசின் இருக்கிறதால ஜெல்லும் பின்னாடி சுருங்கி விலகாது. இந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் போயி நான் ரெண்டு மாசத்தத் தொலைச்சேன்.

மலர்:
குழலி, "தரை முழுக்க அழகா"ன்னு எழுதிருக்கியேமா, அங்கதான் எனக்கு இடிக்குது. உனக்கு வேண்டியது தரை இல்ல, ஜெல் பக்கத்து சுவர். சிப்ப படுக்க வச்சே ஹுவெக் விட்டா செல் கீழதான் படியும், ஜெல் முகப்பு தொறந்த வீடு மாதிரி கிடக்கும், 231 சும்மா நடந்து போயிடும். செல் விட்டதும் ஜெல் கீழ வர்ற மாதிரி சிப்ப பக்கவாட்டுல நிமித்தி இன்குபேட்டர்ல அரை மணி நேரம் வை. அப்புறம் கேன்சர் செல் விடறதுக்கு முன்னாடி 70 கிலோடால்டன் ஒளிரும் டெக்ஸ்ட்ரான் (பெரிய சர்க்கரை மூலக்கூறு, சுவர்ல ஓட்டை இருந்தா கசியும்) விட்டுப் பாரு. ஜெல்லுக்குள்ள சட்டுனு வெளிச்சம் பரவுச்சுன்னா அந்த சிப்ப எண்ணிக்கைல சேக்காத.

முத்து:
அக்கா சொன்னது கரெக்ட். கூடவே எம்சிஎஃப்-7ம் ஒரு சிப்ல போடுங்க, அதுவும் மார்பகக் கேன்சர் செல்தான், ஆனா அவ்வளவா ஊடுருவாத ரகம். அதுவும் தாண்டுச்சுன்னா ஓட்டை சுவர்லதான்.

குழலி (பத்து நாள் கழிச்சு):
அக்கா, படுக்க வச்சேதான் விட்டுட்டிருந்தேன் 🤦 ஓவன், லைசின் ரெண்டும் பண்ணதுல எட்டு சிப்ல ஒண்ணுதான் வழிஞ்சுது. நிமித்தி வச்ச சிப்ல டெக்ஸ்ட்ரான் சுவர்லயே நிக்குது, கண்ட்ரோல்ல ஒண்ணு ரெண்டு செல்தான் தாண்டிருக்கு. ஆனா இப்ப மீடியம் (செல்லுக்கான ஊட்டத் திரவம்) மாத்தும்போது குமிழி புகுந்து ரெண்டு சிப்ல சுவரையே உரிச்சிடுச்சு.

ரவி_சிப்:
ஃப்ரிட்ஜ்லேந்து எடுத்து அப்படியே விடுறீங்களா? 37 டிகிரில சூடு பண்ணிட்டு விடுங்க. சேனலுக்குள்ள இருக்கிறத உறிஞ்சவே வேண்டாம், சேனல் வாய்ல இருக்கிற பழசை மட்டும் எடுத்துட்டு மேல சொட்டு விடுங்க.