சந்தை படுத்த நேரத்தில் டைட்டில் சர்ச்: ஃபைலில் எதிர்ப்பட்டவற்றைப் பகிருங்கள்

தாய்ப்பத்திரம்:
டைட்டில் சர்ச், அதாவது அமெரிக்க வீடுகளின் உரிமையையும் வில்லங்கத்தையும் பதிவேடுகளில் தேடிச் சொல்வது, நம் வேலை. 2021 தொடக்கத்தில் அமெரிக்காவில் 30 வருட வீட்டுக்கடன் வட்டி 2.65% வரை இறங்கியது. 2023 அக்டோபரில் 7.79%. மூன்றுக்குக் கீழே கடனைப் பூட்டி வைத்திருப்பவர் யாரும் ஏழுக்கு மாற்றிக்கொள்ள மாட்டார். அதனால் முதலில் நின்றுபோனது ரீஃபைனான்ஸ் (பழைய வீட்டுக்கடனை அடைத்துப் புதிய கடன் எடுப்பது) ஆர்டர்தான். சென்னையிலும் கோவையிலும் இந்த வேலைக்கு வந்த பலருக்குப் பழக்கமே ரீஃபைனான்ஸ் ஃபைல்தான்: இப்போதைய உரிமையாளர் பெயரில் உள்ள கடைசிப் பத்திரம், அதற்குப் பின் ஏறிய அடமானம், வரி, தீர்ப்பு, அவ்வளவு. விலை சரியும் காலத்தில் வரும் ஃபைல் வேறு. ஃபோர்க்ளோஷர் (கடன் கட்டாததால் வீட்டை ஏலம் விடுவது), ஷார்ட் சேல் (கடன் பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு வங்கி அனுமதியோடு விற்பது), வங்கி கையில் வந்து விழுந்த வீடு என்று வரும்.

நம் ஊரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டால் வில்லங்கச் சான்று கைக்கு வரும். அங்கே கவுண்டி ரெக்கார்டர் பத்திரத்தை வாங்கி, எண் போட்டு, இண்டெக்ஸில் ஏற்றுவதோடு சரி. எது இன்னும் உயிரோடிருக்கும் வில்லங்கம், எது செத்தது என்பதை நாம்தான் படித்துச் சொல்ல வேண்டும். வங்கி பெயரில் பத்திரம் இருக்கிறது, அதற்குப் பின் ஒன்றும் ஏறவில்லை, ஆகவே ஃபைல் சுத்தம் என்று எழுதுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. அந்த வங்கிக்கு வீடு எப்படி வந்தது என்பதில்தான் வேலையே இருக்கிறது. 2008 முதல் 2011 வரை இந்த வகை ஃபைல்களோடு மல்லுக்கட்டியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

ரெக்கார்டர்:
ஃப்ளோரிடாவிலிருந்து தொடங்குகிறேன். அங்கே எல்லாம் கோர்ட் வழிதான், அதனால் கேஸ் டாக்கெட்டை (வழக்குப் பதிவேட்டை) திறக்காமல் ஃபைலை மூடவே கூடாது. பார்க்கும் வரிசை: லிஸ் பெண்டென்ஸ் (வீட்டின் மேல் வழக்கு இருக்கிறது என்ற அறிவிப்பு) பதிவான தேதி, பிரதிவாதிகள் பட்டியல், ஒவ்வொருவருக்கும் சம்மன் போய்ச் சேர்ந்ததற்கான ரிட்டர்ன், இறுதித் தீர்ப்பு, ஏல அறிவிப்பு, சர்ட்டிஃபிகேட் ஆஃப் சேல் (ஏலம் நடந்ததற்கான சான்று), கடைசியாக சர்ட்டிஃபிகேட் ஆஃப் டைட்டில் (உரிமை மாறியதற்கான சான்று). ஏல அறிவிப்பு அடுத்தடுத்து இரண்டு வாரம் வெளியாகியிருக்க வேண்டும். இரண்டாவது, ஏலத்துக்குக் குறைந்தது 5 நாள் முன்பு. ஏலத்துக்குப் பின் 10 நாளில் ஆட்சேபணை வராவிட்டால்தான் டைட்டில் சர்ட்டிஃபிகேட் வரும்.

அதிகம் கவிழ்வது பிரதிவாதிகள் பட்டியலில். லிஸ் பெண்டென்ஸ் தேதிக்கு முன் இண்டெக்ஸில் ஏறியிருக்கும் ஒவ்வொரு பின்னடமானமும் தீர்ப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒன்றுக்கொன்று டிக் அடித்துப் பாருங்கள். இரண்டாவது அடமானத்தை ஒரு வங்கியிலிருந்து இன்னொன்று வாங்கி, அந்த அசைன்மென்டும் (அடமானத்தை மாற்றிக்கொடுக்கும் பத்திரம்) முன்பே பதிவாகியிருக்கும். வழக்கறிஞர் பழைய வங்கியின் பெயரிலேயே கேஸ் போட்டிருப்பார். சேர்க்காதவர் வில்லங்கம் அழியாது. வீட்டை வாங்கியவர் தலையில் அப்படியே உட்காரும். அந்த ஃபைலுக்கு ரிலீஸ் (அடமான விடுவிப்புப் பத்திரம்) கேட்க வேண்டும், அல்லது அவரைச் சேர்த்து மறுபடி ஃபோர்க்ளோஸ் செய்ய வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

இரவு ஷிஃப்ட்:
ஹெலாக் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. நம் ஊர் ஓவர்டிராஃப்ட் மாதிரி வீட்டை வைத்து எடுக்கும் கடன். பாக்கி முழுவதையும் அனுப்பினாலும் கணக்கு மூடாது, நிலுவை பூஜ்யம் ஆகும், அவ்வளவுதான். செக் புத்தகம் வீட்டை விற்றவர் கையிலேயே இருக்கிறது. அடுத்த வாரம் அவர் மறுபடி எடுத்தால், அடமானம் பழைய தேதியோடு புதியவர் வாங்கிய வீட்டின் மேல் நிற்கும். சந்தை நன்றாக இருக்கும்போது இந்த ஆபத்து குறைவு. கையில் பணமில்லாமல் வீட்டை விற்கும் காலத்தில் இதுதான் நடக்கும்.

ஆகவே பேஆஃப் கடிதத்தோடு (கடனை அடைக்க எவ்வளவு என்று வங்கி தரும் கடிதம்) மூன்று விஷயம் வேண்டும். கடன் வாங்கியவர் கையெழுத்திட்ட 'கணக்கை முடக்கி மூடு' என்ற கடிதம். அதை வங்கி பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் உறுதி. முடக்கிய தேதிக்குப் பின் கணக்கிட்ட புதிய பாக்கித் தொகை. முடக்கும் முன்பே எழுதப்பட்ட செக் ஒன்று வந்து விழக்கூடும் என்பதால்தான் மூன்றாவது.

நாள் வட்டியையும் கவனியுங்கள். 1,80,000 டாலர் பாக்கி, 6% வட்டி என்றால் வருடத்துக்கு 10,800, ஒரு நாளைக்கு 29.59 டாலர். வெள்ளி மாலை வயர் (வங்கிவழிப் பணம் அனுப்பும்) நேரம் தாண்டிவிட்டால் திங்களன்றுதான் பணம் சேரும், மூன்று நாளுக்கு 88.77 டாலர் குறையும். அந்தச் சிறுதொகைக்காகவே வங்கி முழுப் பணத்தையும் திருப்பி அனுப்பும், அல்லது ரிலீஸ் தராமல் நிறுத்தி வைக்கும். நாலைந்து நாள் வட்டியைச் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள். மீதியை அவர்களே திருப்பித் தருவார்கள்.

கண்ணி:
அக்கா சொன்ன ஹெலாக் விஷயத்தை அப்படியே வழிமொழிகிறேன். நான் சொல்ல வருவது அசைன்மென்ட் சங்கிலி.

2010 இலையுதிர் காலத்தில் ரோபோ கையெழுத்து விவகாரம் வெடித்தது. படித்துப் பார்க்காமலே ஆயிரக்கணக்கில் பிரமாண வாக்குமூலம் கையெழுத்தானது வெளியே வந்தது, சில வங்கிகள் ஃபோர்க்ளோஷரையே நிறுத்தி வைத்தன. அடுத்து 2011 ஜனவரி 7-இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் இபான்யெஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அது ஸ்பிரிங்ஃபீல்டில் 2007-இல் நடந்த ஏலம். ஏலம் விட்ட நேரத்தில் அடமானம் தன்னிடம் இருந்தது என்று வங்கியால் காட்ட முடியவில்லை, ஏலமே செல்லாது என்றார்கள். அதே வருடம் அக்டோபரில் பெவிலாக்வா வழக்கு. அப்படிச் செல்லாத ஏலத்தில் வீடு வாங்கியவர் தன் டைட்டிலை நிலைநாட்ட வழக்குப் போடவே உரிமையில்லை என்று வந்தது. வாங்கியவர் எவ்வளவு நேர்மையாக வாங்கியிருந்தாலும் வங்கியிடமே இல்லாததை வங்கி அவருக்குக் கொடுத்திருக்க முடியாது என்பதுதான் கோர்ட் சொன்ன அடிப்படை. மனசு கேட்காவிட்டாலும் அது சரியான தீர்ப்பு.

ஃபைலில் இதை எப்படிப் பிடிப்பது? மாசசூசெட்ஸ் ஃபைல் என்றால் அசைன்மென்ட் பதிவான தேதியோடு நிற்காதீர்கள், எழுதிக் கையெழுத்தான தேதியைப் பாருங்கள். ஏல அறிவிப்பு முதலில் வெளியான நாளில் ஏலம் விடுபவர் பெயருக்கு அடமானம் வந்திருக்க வேண்டும். பின்னால் எழுதிவிட்டு 'இன்ன தேதி முதல் செல்லும்' என்று முன்தேதி போட்டிருந்தால் ஏற்காதீர்கள். மெர்ஸ் (வங்கிகளுக்காக அடமானத்தைத் தன் பெயரில் வைத்திருக்கும் மின்பதிவு நிறுவனம்) பெயரில் உள்ள அடமானம் என்றால் 18 இலக்க மின் (MIN) எண் பத்திரத்தின் முதல் பக்கத்தில் இருக்கும், அதைக் குறித்து வையுங்கள். பின்னால் யார் கையில் கடன் இருக்கிறது என்று தேட அந்த எண் நல்ல பிடி.

ஐஆர்எஸ் கவனம்:
ரெக்கார்டர் அண்ணா, சேர்த்தால் வில்லங்கம் அழியும் என்பதில் ஒரு திருத்தம். மத்திய அரசின் வரி வில்லங்கம் தனிக் கணக்கு. கோர்ட் வழியில் அமெரிக்க அரசைப் பிரதிவாதியாகச் சேர்த்திருந்தாலும் ஏலத்துக்குப் பின் அரசுக்கு 120 நாள் மீட்பு உரிமை (ஏலத்தொகையைக் கட்டி வீட்டைத் தானே எடுத்துக்கொள்ளும் உரிமை) இருக்கிறது. மாநிலச் சட்டத்தில் அதைவிட நீண்ட காலம் இருந்தால் அதுவே கணக்கு. கோர்ட் இல்லாத ஏலம் என்றால் குறைந்தது 25 நாள் முன்பே ஐஆர்எஸ்-க்கு (அமெரிக்க வருமான வரித்துறைக்கு) எழுத்தில் அறிவிப்பு போயிருக்க வேண்டும். ஏலத்துக்கு 30 நாளுக்கு மேல் முன்பு வில்லங்கம் பதிவாகி, அறிவிப்பும் போகவில்லை என்றால் வில்லங்கம் அப்படியே தொடரும். அறிவிப்பு அனுப்பிய சான்று ஃபைலில் இல்லாவிட்டால் 'அனுப்பியிருப்பார்கள்' என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

திவால் தேடலும் இதோடுதான். திவால் மனு தாக்கலான நிமிடத்திலிருந்து ஏலத்துக்கும் வசூலுக்கும் தடை அமலுக்கு வரும். ஏலம் காலை 11 மணி, மனு 10:40 என்றால் ஏலம் தடையை மீறியது. ஏல தேதியோடு தாக்கலான நேரத்தையும் ஒப்பிடுங்கள். பேசரில் (அமெரிக்க மத்திய நீதிமன்றங்களின் இணையப் பதிவேடு) ஒரு பக்கத்துக்கு 10 சென்ட். அதை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

லாட் அண்ட் பிளாக்:
பெயர் தேடலில் ஒன்று. ஃப்ளோரிடா, டெக்சஸ், கலிஃபோர்னியாவில் ஸ்பானியப் பெயருக்கு இரண்டு குடும்பப் பெயர் இருக்கும், இண்டெக்ஸ் செய்தவர் எதை வேண்டுமானாலும் கடைசிப் பெயராக எடுத்திருப்பார். இரண்டிலும் ஓட்டுங்கள். நடுப்பெயர் இல்லாமல் ஒருமுறை, முதலெழுத்தோடு ஒருமுறை. இனிஷியலைப் பார்த்துப் பழகிய நமக்கு இது எளிதில் பிடிபடும்.

பில்டர் கைவிட்ட லே-அவுட் வந்தால் கட்டுமான வில்லங்கத்தைப் பாருங்கள், அதாவது வேலைக்குப் பணம் வராதவர் வீட்டின் மேல் பதியும் வில்லங்கம். ஃப்ளோரிடாவில் கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 90 நாளுக்குள் பதியலாம், ஆனால் முன்னுரிமை நோட்டீஸ் ஆஃப் கமென்ஸ்மென்ட் (கட்டுமானத் தொடக்க அறிவிப்பு) பதிவான தேதிக்குப் பின்னோக்கிப் போகும். இண்டெக்ஸ் இன்று சுத்தமாக இருப்பதால் நாளையும் சுத்தம் என்று அர்த்தமில்லை.

குடியிருப்போர் சங்கம்:
குடியிருப்போர் சங்கத்துக்கு மாதாமாதம் கட்டும் தொகையின் பாக்கி சின்னத் தொகை என்று பலர் குறிப்பில்கூட எழுதுவதில்லை. நெவாடாவில் 9 மாத பாக்கி வங்கியின் முதல் அடமானத்துக்கும் முன்னால் நிற்கும். 2014-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், சங்கம் முறைப்படி ஏலம் விட்டால் முதல் அடமானமே அழிந்துவிடும் என்று சொன்னது. சில ஆயிரம் டாலர் பாக்கிக்காக லட்சக்கணக்கான டாலர் அடமானம் போயிற்று. ஃப்ளோரிடாவில் ஃபோர்க்ளோஸ் செய்யும் முதல் அடமானக்காரர், சங்கத்தையும் கேஸில் சேர்த்திருந்தால், 12 மாத பாக்கி அல்லது அசல் கடனில் 1%, எது குறைவோ அதைக் கட்டினால் போதும். ஏலத்தில் வாங்கும் வெளியாளுக்கு அந்தச் சலுகை கிடையாது, பழைய பாக்கி முழுதும் அவர் மேல். யார் ஏலத்தில் எடுத்தார் என்பதைப் பார்த்தே தொகையைக் கேளுங்கள்.

தாய்ப்பத்திரம்:
நன்றி அனைவருக்கும். ஷார்ட் சேல் பற்றித் தனிச் செய்தியில் கேட்ட தம்பிக்கு: அனுமதிக் கடிதத்தில் நான்கு இடம் பாருங்கள். காலாவதி தேதி. வாங்குபவர் பெயர் ஒப்பந்தத்தில் உள்ளபடியே இருக்கிறதா. வங்கிக்குச் சேர வேண்டிய குறைந்தபட்ச நிகரத் தொகை. அடமானத்தை மட்டும் விடுவிக்கிறார்களா, மீதிக் கடனையும் தள்ளுகிறார்களா. இரண்டாவது அடமானம் இருந்தால் அவர்களிடமிருந்தும் தனிக் கடிதம் வர வேண்டும். முதல் வங்கி அவர்களுக்கு ஒதுக்கிய தொகையும் அவர்கள் கேட்கும் தொகையும் ஒத்துப்போகாவிட்டால் செட்டில்மென்ட் கணக்கைத் திருத்தி முதல் வங்கியிடம் மறுபடி அனுமதி வாங்க வேண்டும். ஃப்ளோரிடா அலுவலகங்கள் கோடையில் நம் நேரம் மாலை 5:30-க்கும், கலிஃபோர்னியா இரவு 8:30-க்கும் திறக்கும். கடிதம் அன்று காலாவதியாகிறது என்றால் முதல் அழைப்பு அதுவாக இருக்கட்டும்.