ஹாங்காங் நிலம் யாருடையது?

தனிவழி:
மானியமும் கட்டுப்பாடும் இல்லாவிட்டால் நாடு கெட்டுவிடும் என்பவர்கள் ஹாங்காங்கைப் பற்றி வாயே திறப்பதில்லை. 1961 முதல் 1971 வரை அங்கே நிதிச் செயலராக இருந்தவர் ஜான் கௌபர்த்வெயிட். பொருளாதாரப் புள்ளிவிவரம் திரட்டுவதையே அவர் விரும்பவில்லை. கையில் எண் கிடைத்தால் அதிகாரிகள் சந்தையில் கை வைப்பார்கள் என்ற பயம். வரி குறைவு, இறக்குமதித் தடை கிடையாது. கட்டிய துணியோடு சீனாவிலிருந்து வந்தவர்கள்கூடப் பட்டறை வைத்து முதலாளி ஆனார்கள். அரசு ஒதுங்கி நின்றது, ஊர் பிழைத்தது.

கணக்குப்பிள்ளை:
“அரசு ஒதுங்கி நின்றது” என்பதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஹாங்காங்கில் நிலம் யாருடையது? சென்ட் ஜான்ஸ் தேவாலயம் இருக்கும் துண்டைத் தவிர எல்லாம் அரசுடையது. மற்றவர்களுக்குக் குத்தகைதான். அந்தக் குத்தகைப் பணம் கஜானாவுக்கு வந்ததால்தான் வரியைக் குறைவாக வைக்க முடிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதீர்கள்.

தனிவழி:
குத்தகை உரிமையை விற்கலாம், வாங்கலாம், அடமானம் வைக்கலாம். அப்புறம் அது சொத்து இல்லாமல் வேறென்ன? பிரிட்டிஷார் வந்த நாளிலிருந்து இருக்கும் ஏற்பாடு அது. கௌபர்த்வெயிட் தலையில் கட்டாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
நான் கேட்டது நிலம் யாருடையது என்று. பதில் வரவில்லை.

1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைகள் எரிந்து 50,000 பேருக்கு மேல் தெருவுக்கு வந்தார்கள். சந்தையா வந்து கூரை போட்டது? அரசு தன் நிலத்தில் அடுக்குமாடி கட்டிக் குடியேற்றியது. இன்றும் ஏறக்குறைய பாதி ஜனங்கள் இருப்பது அரசு வாடகைக்கு விட்ட வீட்டில், இல்லாவிட்டால் அரசு சலுகை விலையில் விற்ற வீட்டில். வாடகை குறைவாக இருந்ததால்தான் தொழிலாளி குறைந்த கூலியிலும் குடும்பம் நடத்தினார். உங்கள் பட்டறை முதலாளியின் லாபத்தில் அந்த வாடகைக்கும் பங்கு உண்டு.

மேற்குமாம்பலம்:
நம் ஊரிலேயே ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கி, எந்தத் தொழிலுக்கும் அரசிடம் அனுமதி கேட்டு நிற்க வைக்கும் பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம் வேண்டாம் என்று தொண்டை வற்றக் கத்தினார். அன்று ஏளனம் செய்தவர்கள் 1991இல் அந்த லைசென்ஸைத்தான் ரத்து செய்தார்கள். 32 வருஷம் வீண்.

கணக்குப்பிள்ளை:
சார், ராஜாஜியை ஏன் இழுக்கிறீர்கள்? போன மாதம் மின்கட்டணம் பற்றிப் பேசியபோதும் இதைத்தான் செய்தீர்கள். கேள்வி ஒன்றுதான். ஹாங்காங் நிலம் யாருடையது?

மேற்குமாம்பலம்:
மின்கட்டணத்தில் நான் கேட்டதற்குப் பாதியில் எழுந்து போனவர் நீங்கள்.

ஆழி:
1998 ஆகஸ்டில் ஹாங்காங் அரசு பங்குச் சந்தையில் இறங்கி 11,800 கோடி ஹாங்காங் டாலருக்குப் பங்கு வாங்கியதே, அதுவும் ஒதுங்கி நின்றதா தனிவழி?

தனிவழி:
அது தவறு. யார் செய்தாலும் தவறு.

நிலத்துக்கே வருகிறேன். அரசு நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஏலம் விட்டதால்தான் அங்கே வீட்டு விலை வானத்தில் நிற்கிறது. புறாக்கூண்டு போன்ற அறைகளில் மனிதர்கள் படுத்துக் கிடப்பது அரசு செய்த வேலை. கணக்குப்பிள்ளை சொல்வது என் கட்சிக்குத்தான் சாட்சி.

கணக்குப்பிள்ளை:
ஆக, நிலம் அரசுடையது என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது! ஊர் செழித்தால் சந்தை, அறை புறாக்கூண்டு ஆனால் அரசு. நல்ல கணக்கு தம்பி.

தனிவழி:
தம்பி என்று கூப்பிட நான் உங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை. குத்தகையும் சொத்துரிமைதான் என்று முதலிலேயே எழுதிவிட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கம், சீனாவில், அன்று நிலமும் ஆலையும் விலையும் எல்லாமே அரசின் கையில் இருந்தது. 1962இல் ஆட்கள் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் ஓடினார்கள்?

ஆழி:
மாவோ செய்தது சரி என்று இங்கே யார் சொன்னார்கள்? இரண்டு அரசும் ஒன்றா?

கணக்குப்பிள்ளை:
ஓடி வந்தவர்கள் குடிசை போட்ட மலைச்சரிவு யாருடையது? அரசுடையது. அப்புறம் அவர்கள் போய்க் குடியேறிய அடுக்குமாடி? அதுவும் அரசுடையது. சென்ட் ஜான்ஸ் தேவாலயத்தைத் தவிர ஒரு துண்டு காட்டுங்கள், பேசுகிறேன்.

தனிவழி:
குத்தகை என்றால் என்ன என்று முதலில் யாரிடமாவது கேட்டுவிட்டு வாருங்கள்.

மேற்குமாம்பலம்:
அப்படியே மின்கட்டணத்துக்கும் ஒரு பதில் எழுதிவிடச் சொல்லுங்கள்.