பெலென்னோர் போரில் ரோஹன் வீரர்கள் எத்தனை பேர் செத்தார்கள்?

குதிரைலாடம் கேட்டது:
லார்ட் ஆஃப் த ரிங்ஸ் மூன்றாம் பாகத்தை மறுபடி படிக்கிறேன். ரோஹன் நாட்டு மன்னர் தியோடன் 6,000 குதிரைவீரர்களோடு, முற்றுகையில் இருக்கும் மினாஸ் டிரித் நகருக்கு வெளியே உள்ள பெலென்னோர் சமவெளிக்கு வருகிறார். போர் முடிந்ததும் இறந்தவர்களைப் பற்றி ஒரு பாட்டு வருகிறதே, அதில் பெயர்கள்தான் இருக்கின்றன, எண்ணிக்கை இல்லை. எங்கோ ஒருவர் “2,000 பேர் சாவு” என்று உறுதியாக எழுதியிருந்தார். அது எங்கிருந்து வந்த எண்? தயவுசெய்து படத்தை வைத்துச் சொல்லாதீர்கள். அதில் பச்சை ஆவிகள் வந்து எல்லாரையும் துடைத்துப் போட்டுவிடுகின்றன.

கணக்குப்பிள்ளை:
அது வெறும் கழித்தல் கணக்கு. எதிரி நாடான மோர்டோரின் கறுப்பு வாயிலுக்குக் கிளம்பும் முன் படையைப் பிரிக்கும் அத்தியாயத்தைப் பாருங்கள். தியோடனுக்குப் பின் மன்னரான எயோமரோடு 500 குதிரைவீரர்கள். குதிரையை இழந்தும் சண்டைபோடத் தெம்புள்ள 500 பேர் காலாட்களாக. மேற்குச் சாலையைப் பார்த்துக்கொள்ள ரோஹன் தளபதி எல்ஃப்ஹெல்மிடம் சுமார் 3,000. ஆக 4,000. ஆறாயிரத்தில் அது போக மிச்சம் இரண்டாயிரம். அந்த மிச்சத்தை அப்படியே பிணக்கணக்கில் எழுதிவிட்டார்கள்.

ஆனால் எல்ஃப்ஹெல்மின் ஆட்களைப் பற்றிக் கதை சொல்வது என்ன? குதிரையும் இருந்து, சண்டைபோடும் நிலையிலும் இருந்தவர்கள். அப்படியென்றால் கையொடிந்தவன், தோளில் அம்பு வாங்கியவன் எல்லாரும் அந்த இரண்டாயிரத்துக்குள்தான். போர் நடந்தது மார்ச் 15, படை கிளம்பியது மார்ச் 18. மூன்று நாளில் எந்தக் காயம் ஆறும்?

நிஜத்தில் ஓர் உதாரணம். 1854-ல் கிரிமியப் போரில், பாலக்ளாவாவில், பிரிட்டிஷ் குதிரைப்படையான லைட் பிரிகேட் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தது. சுமார் 670 பேரில் செத்தவர்கள் 110 பக்கம், காயம்பட்டவர்கள் 160 பக்கம். குதிரைகளோ 375 வரை போயின! பீரங்கியும் ஈட்டியும் ஒன்றல்ல, சரி. ஆனாலும் செத்தவர்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் உள்ள அதே விகிதத்தைப் போட்டால் நம் 2,000-ல் சாவு 800 சொச்சம்தான் வருகிறது.

ஈட்டிமுனை:
800 ரொம்பக் குறைவு சார். லைட் பிரிகேட் அரைமணி நேரத்தில் போய்த் திரும்பிய படை. இவர்கள் விடியலில் இறங்கி, பொழுது சாயும்வரை அதே களத்தில் நின்றார்கள். எதிரியோடு சேர்ந்த தெற்கத்தி ஹராட் படை மட்டுமே இவர்களைப்போல மூன்று மடங்கு என்று வருகிறது. குதிரைகள் அவர்களுடைய மூமகில் என்ற ராட்சத யானைகளின் பக்கமே போக மறுத்து விலகி ஓடுகின்றன. அந்த நெரிசலில் கீழே விழுந்த ஒருவனை யார் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்? விழுந்தவர்களில் பாதிக்கு மேல் செத்திருப்பார்கள். நான் 1,200 என்பேன்.

பாட்டில் வருபவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. கிரிம்போல்ட் ஒரு படைப்பிரிவின் தலைவன், குத்லாஃப் மன்னரின் கொடி பிடித்தவன், டூன்ஹெரே ஒரு பள்ளத்தாக்கின் பிரபு. தலைவர்களே இத்தனை பேர் போனார்கள் என்றால் பின்னால் வந்தவர்களை யோசியுங்கள்.

கணக்குப்பிள்ளை:
தலைவர்கள் முன்வரிசையில் போகிறவர்கள், அவர்கள் சாவை வைத்து மொத்தப் படையை எடைபோட முடியாது. தியோடன் விழுந்த இடத்தைப் பாருங்கள். அங்கே மட்டும் நமக்கு நேரடியான எண் கிடைக்கிறது: மன்னரின் வீரர்கள் ஏழு பேர், அவர்கள் தலைவன் தேயோர்வினேயும் அதில் ஒருவன். எதிரிகளின் உடல்களிலிருந்து அவர்களைத் தனியே கிடத்தி, சுற்றி ஈட்டிகளை நட்டுவிட்டுப் போகிறார்கள். எதிரியின் பேய்ச் சேவகர்களான நாஸ்கூல்களின் தலைவனே நேரில் இறங்கிய இடத்தில் ஏழு. மற்ற குதிரைகள் மிரண்டு ஓடிவிட்டன என்பதால்தான் அவ்வளவோடு போயிற்று.

விழுந்தவர்களைத் தூக்க ஆளில்லை என்பது நியாயம். 1,000 வரை ஏறுகிறேன், அதற்கு மேல் மாட்டேன்.

குதிரைலாடம்:
அந்த 500 காலாட்கள்? குதிரை போனவர்கள் அவ்வளவுதானா, இல்லை கூட்டிப் போனது அவ்வளவா?

கணக்குப்பிள்ளை:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். நல்ல உடம்போடு நகரக் காவலுக்கு நின்றுவிட்டவர்கள் இருந்தால் சாவு இன்னும் குறையும். ஈட்டிமுனைக்குத்தான் சிக்கல்.

ஈட்டிமுனை:
இருக்கட்டும் :) எதிரிப் பக்கம் கணக்கே தேவையில்லை. வழக்கமாகத் தோற்றவர்கள் ஓடித் தப்புவார்கள். பழைய கிரேக்கக் காலாட்போர்களில் தோற்ற படைக்கே சராசரி இழப்பு 14 சதவீதம் என்கிறார்கள். இங்கே ஆற்றுத்துறையில் நம் பக்கத்து ஆரகார்ன் கப்பல்களோடு வந்து இறங்கிவிட்டார். ஓட வழியில்லை. ஹராட் ஆட்கள் 18,000 என்று வைத்தால், ஊர் திரும்பியவர்கள் சில நூறு இருந்தால் அதிகம்.