பார்வை இல்லாத அப்பாவுக்கு டச் போன்: தமிழைப் படிக்கல, லாக் திறக்க வரல, உதவி தேவை

தறிமேடை (குடியாத்தம்)

வணக்கம். அப்பாவுக்கு வயசு 56, நெசவு வேலை. கண் அழுத்த நோயால் இரண்டு கண்ணிலும் பார்வை போயிடுச்சு. இதுவரை பட்டன் போன்தான். இப்போ வீட்டில் இருந்த 3 ஜிபி ரேம் ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் (திரையில் இருக்கிறதைப் படிச்சுச் சொல்ற வசதி) போட்டுக் கொடுத்திருக்கோம். ஆங்கிலத்தைப் படிக்குது, தமிழ் மெசேஜ் வந்தா சத்தமே இல்ல. ஒரு விரலால் தள்ளினா பக்கம் நகரல. லாக்கும் திறக்க வரல. வளைத்து இழுக்கிற சைகை பாதி நேரம் எடுக்கல. புதுசு வாங்கினா சரியாகுமா? 15,000 ரூபாய்க்குள்ள எது நல்லது? ஐபோன்தான் நல்லதுன்னு சிலர் சொல்றாங்க.

ஆறுபுள்ளி (சத்துவாச்சாரி)

தங்கச்சி, முதல்ல தமிழைச் சரி பண்ணிடலாம், அதுக்குப் புது போன் வேண்டாம். டாக்பேக் எழுத்தை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். பேசுறது குரல் எஞ்சின். அதில் ஆங்கிலக் குரல் மட்டும் இருந்தா தமிழ் எழுத்தை அப்படியே தாண்டிப் போயிடும். செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, டெக்ஸ்ட் டு ஸ்பீச் போங்க. எஞ்சினா கூகுளோட குரல் எஞ்சினைத் தேர்ந்தெடுங்க. பக்கத்தில் இருக்கும் சக்கரக் குறியைத் தொட்டு, குரல் டேட்டாவில் தமிழை டவுன்லோடு பண்ணுங்க. பிறகு மொழியையும் தமிழுக்கு மாற்றுங்க. இதைச் செய்யாம விட்டுடறதுதான் வழக்கமா நடக்குது. ஒருமுறை இறங்கிட்டா நெட் இல்லாமலும் பேசும். தமிழ்க் குரல் ஆங்கிலச் சொல்லையும் சமாளிச்சுப் படிக்கும், ஆங்கிலக் குரலால் தமிழைப் படிக்க முடியாது. அதனால தமிழே இருக்கட்டும்.

டாக்பேக் போட்டதும் ஒரு விரல் தடவிப் பார்க்கிற விரல் ஆயிடும். தொட்டது எதுன்னு சொல்லும், திறக்காது. திறக்க, திரையில் எங்கே வேணும்னாலும் இரண்டு தட்டு. பக்கம் நகர இரண்டு விரல். லாக் திறக்கவும் கீழிருந்து இரண்டு விரலால் மேலே தள்ளணும். இரண்டு விரலையும் ஒட்டி வைத்தா போன் ஒரே விரல்னு எடுத்துக்கும், நடுவில் ஒரு விரல் அகலம் விடச் சொல்லுங்க.

பாலாற்றங்கரை (ஆம்பூர்)

சைகை பாதி நேரம் எடுக்காததுக்குக் காரணம் பெரும்பாலும் வேகம். மெதுவா இழுத்தா டாக்பேக் அதைத் தடவல்னு நினைச்சுக்கும். சட்டுன்னு, நேரா தள்ளணும். கீழே போய் இடப்பக்கம் திரும்பினா பின்பக்கம் போகும், மேலே போய் இடப்பக்கம் திரும்பினா முகப்புக்குப் போகும். விரலை எடுக்காம ஒரே இழுப்பு. திருப்பத்தில் நின்னா கெட்டது.

இன்னொன்று, தறி வேலை செய்த விரல்னு சொன்னீங்க. காய்ப்புப் பிடிச்சு வறண்ட விரல் நுனியைத் திரை சரியா உணராது. நுனியை விட்டுட்டு, விரலின் சதைப் பகுதியை வைக்கச் சொல்லுங்க. ஈரத்துணியால் லேசாத் துடைச்சிட்டுத் தொட்டாலும் வித்தியாசம் தெரியும். ஓரம் தூக்கிய டெம்பர்டு கிளாஸ் இருந்தா கழட்டிடுங்க. சில போன்களில் டச் சென்சிடிவிட்டியைக் கூட்ட ஒரு அமைப்பு இருக்கு, அதையும் போட்டுப் பாருங்க.

தறிமேடை

தமிழ் பேசுது! ரொம்ப நன்றி அண்ணா. ஆனா ஒவ்வொரு தட்டுக்கும் அரை நொடி தாமதமா பேசுது, அதுக்குள்ள அப்பா அடுத்ததைத் தட்டிடறார். நாங்க ஏதாவது அவசரமா செய்யணும்னா டாக்பேக்கை நிறுத்தி மறுபடி போடறதும் சிரமம்.

ஆறுபுள்ளி

நிறுத்திப் போட, இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து 3 நொடி அழுத்துங்க. வேலை செய்யலைன்னா டாக்பேக் அமைப்பில் அந்த ஷார்ட்கட்டை ஆன் பண்ணணும். அப்பாவுக்கும் இதை முதல் பாடமா சொல்லிக் கொடுங்க. தவறி நின்னுட்டா அவரே போட்டுக்கணும், யாரையும் கூப்பிட வேண்டி வரக் கூடாது.

தாமதத்துக்கு ரேம்தான் பெரும்பாலும் காரணம். அதுக்குத்தான் புது போன். வாங்கும்போது கேமராவைப் பற்றிக் கவலைப்படாதீங்க. 6 ஜிபி ரேம், பக்கவாட்டில் கைரேகை பட்டன், தட்டையான திரை, 3.5 மிமீ இயர்போன் துளை. திரைக்குள்ளே இருக்கும் கைரேகையைக் கண் தெரியாதவர் தேடிக் கண்டுபிடிக்கிறது தண்டனை. பக்கவாட்டில் இருந்தா கட்டை விரல் தானா போய் உட்காரும். விளம்பரமும் தேவையில்லாத ஆப்பும் திணிக்காத போனா பாருங்க, தடவும்போது ஒவ்வொண்ணும் குறுக்கே பேசும். கடையில் பெட்டியைப் பிரிச்ச உடனே அப்பா கையில் கொடுத்து டாக்பேக்கோட தட்டிப் பார்த்து வாங்குங்க. ஆன்லைனில் வேண்டாம்.

ஐபோனில் 2009இல் வந்த 3ஜிஎஸ் முதலே டாக்பேக் மாதிரி வாய்ஸ்ஓவர் இருக்கு, சைகைகள் மிருதுவா இருக்கும், தமிழ்க் குரலும் உண்டு. ஆனா 15,000க்குள் புதுசு கிடைக்காது. அப்பா தேவைக்கு ஆண்ட்ராய்டு போதும்.

பாலாற்றங்கரை

வாங்கின அன்றே செய்ய வேண்டியது: கீழே மூன்று பட்டன் வர்ற மாதிரி நேவிகேஷனை மாற்றுங்க. ஆட்டோ ரொட்டேட்டை நிறுத்துங்க. ஹோம் ஸ்கிரீனைக் காலி பண்ணி, நாலு மூலையிலும் வீட்டு ஆட்களின் நேரடி அழைப்பு ஐகானை வைத்து லேஅவுட்டைப் பூட்டுங்க. மூலையை விரல் எளிதாப் பிடிக்கும். அழைப்பை எடுக்க, முடிக்க இரண்டு விரலால் இரண்டு தட்டு.

முதல் வாரம் வாட்ஸ்அப், பேமெண்ட் எதுவும் வேண்டாம். டாக்பேக் அமைப்பில் சைகைப் பயிற்சிப் பக்கம் இருக்கு, அதில் தட்டி இழுத்துப் பழகட்டும், தப்பா தொட்டாலும் ஒண்ணும் ஆகாது. அவர் விரலைப் பிடிச்சு நீங்க இழுக்காதீங்க. அப்படிச் செய்தா வேகம் அவருக்குப் புரியவே புரியாது. வாயால சொல்லுங்க.

பிறகு ரூபாய் நோட்டு பார்க்க ரிசர்வ் வங்கியின் மணி ஆப் போட்டுக் கொடுங்க. 2020இல் வந்தது, நெட் தேவையில்லை. யுபிஐ பின் நம்பர் தட்டும்போது ஒரு காதில் இயர்போன் கட்டாயம். இல்லைன்னா எண்ணைப் பக்கத்தில் நிற்கிறவர் கேட்டுடுவார்.

கோட்டை மைதானம் (வேலூர்)

வாங்குவதற்கு முன் ஒன்று. பார்வை இல்லாதவர்களுக்கு உரிய செயலியுடன் திறன்பேசி தரும் அரசுத் திட்டம் இருக்கிறது. குடியாத்தம் வேலூர் மாவட்டம்தான், எனவே சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் கேளுங்கள். தகுதியை நேரில் உறுதி செய்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் ஆதாரும் கையில் இருக்கட்டும். 2019இல் மாவட்டம் பிரிந்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூரிலும், ஆற்காடு, வாலாஜாக்காரர்கள் ராணிப்பேட்டையிலும்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

தறிமேடை

திங்கட்கிழமை போறோம் அண்ணா. கைரேகை வைத்த போன்னா பின் நம்பரே தேவைப்படாதுல்ல?

ஆறுபுள்ளி

தேவைப்படும்மா. போன் ரீஸ்டார்ட் ஆனதும் முதல் தடவை கைரேகையை ஏத்துக்காது, பின் நம்பர்தான் கேட்கும். பேட்டர்ன் லாக் வைக்காதீங்க, டாக்பேக்கில் அது பெரிய தொந்தரவு. பின் நம்பர் வைத்து, வேணும்னே ரீஸ்டார்ட் பண்ணி அப்பாவையே திறக்கச் சொல்லிப் பழக்குங்க.