ட்வெல் டைம்: உறைநேரமா, தங்குநேரமா? (வெள்ளிக்குள் வேண்டும்)

மடல் 1, அட்டையை மொழிபெயர்ப்பவர்

அன்பர்களுக்கு வணக்கம். திருப்பூர் பிரிண்டிங் பட்டறைகளில் பனியன் துணி போகும், அச்சிட்ட மையைச் சூட்டில் இறுக வைக்கும் கியூரிங் மிஷினுக்குத் தமிழில் ஒரு பழுதறி அட்டை தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சு. 'ட்வெல் டைம்' மட்டும் நிற்கிறது. பெல்ட்டில் போகும் துணி சூட்டறைக்குள் இருக்கும் நேரம் அது. சூட்டறை 3 மீட்டர், பெல்ட் நிமிடத்துக்கு 2 மீட்டர் என்றால் 90 நொடி. 'உறைநேரம்' என்று போட்டு வைத்திருக்கிறேன். போகலாமா?

மடல் 2, தமிழாசிரியர்

தாராளமாக. உறைதல் என்றாலே தங்கி வாழ்தல். 'வானுறையும் தெய்வத்துள்' (குறள் 50). உண்டி, உடை, உறையுள். உறைநேரம் வினைத்தொகை. நேரத்தை எடுத்துவிட்டுக் காலம் போட்டாலும் 'உறைகாலம்'தான், வலி மிகாது. அச்சகத்தில் யாரும் 'க்' சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மடல் 3, பராமரிப்புப் பொறியாளர்

ஐயா, இலக்கணத்தில் குறை சொல்லவில்லை. மிஷின் முன்னால் நிற்பவருக்கு உறை என்றால் பால் உறைவது, ரத்தம் உறைவது. துணியில் அச்சிடும் பிளாஸ்டிசால் மையும் சூட்டில் இறுகுவதால், 'உறைநேரம் 90 நொடி' என்று படித்தால் மை இறுக 90 நொடி என்றே எடுத்துக்கொள்வார். அந்த 90 நொடியில் பெரும்பகுதி மை சூடேறவே போய்விடும். மைப்படலம் மேலிருந்து அடிவரை 160 டிகிரி தொட வேண்டும். துணியில் ஈரம் இருந்தால் தண்ணீர் ஆவியாகிற வரை சூடு 100 டிகிரிப் பக்கமே நின்றுவிடும்.

இந்த இரண்டு நேரத்தையும் குழப்புவதால்தான் சரக்கு வீணாகிறது. இழுத்துப் பார்த்தால் மை வெடிக்கிறது, உடனே சூட்டுக் கண்ட்ரோலரில் 20 டிகிரி ஏற்றுகிறார்கள். பருத்தி கருகிப் பழுப்பாகிறது; பாலியெஸ்டர் என்றால் சாயம் மைக்குள் ஏறி, சிவப்புத் துணியில் வெள்ளை ரோஸாகிவிடுகிறது. குறைக்க வேண்டியது பெல்ட் வேகத்தை. ஆகவே நேரம் துணிக்கு உரியது என்று சொல்லே காட்ட வேண்டும். 'தங்குநேரம்' போடுங்கள்.

மடல் 4, சொல்லாய்வு செய்பவர்

தங்குவது என்றால் பயணத்தை நிறுத்துவது. பெல்ட் நிற்பதே இல்லையே! 'உறை' உறு என்னும் வேரிலிருந்து வந்தது என்பது என் கருத்து: உறவு, உறுதி, உறைவு, எல்லாவற்றிலும் ஒட்டியிருத்தல் என்ற பொருள் ஓடுகிறது. மழைத்துளியும் உறை, கிணற்றில் இறக்கும் வளையமும் உறை. கீழடியில் உறைகிணறு கிடைத்ததே. காரத்துக்கு உறைப்பு என்கிறோமே, அதில் சூடும் இருக்கிறது. இவ்வளவு தாங்கும் சொல்லைப் பாலோடு நிறுத்திவிடுவதா?

மடல் 5, யாழ்ப்பாணத்திலிருந்து

உறைப்பு எண்டால் எங்களுக்கு மிளகாய்தான், அடுப்புச் சூடு ஞாபகம் வராது. இன்னொன்று: 'சூட்டறை' புதிதாகச் செய்வானேன்? பாண் சுடுகிற அடுப்புக்கு எங்கட பக்கம் போறணை எண்ட சொல் புழக்கத்தில் இருக்கு. போர்த்துகீச 'ஃபோர்னோ'விலிருந்து வந்தது.

மடல் 6, சொல்லாய்வு செய்பவர்

போர்த்துகீசம் எதற்கு? சூளை இருக்கிறது.

மடல் 7, பராமரிப்புப் பொறியாளர்

சூளை என்றால் செங்கல்தான் நினைவுக்கு வரும். சூட்டறை இருக்கட்டும். அட்டையில் 'பி.வி. (கண்ட்ரோலர் காட்டும் சூடு) 160 காட்டுகிறது, மை கியூர் ஆகவில்லை' என்ற வரிக்குக் கீழே இவை வர வேண்டும். முதலில் ஸ்டாப்வாட்ச்: துணியின் முன்விளிம்பு உள்ளே போவதிலிருந்து வெளியே வரும்வரை அளந்து பார்க்கவும், டயல் காட்டும் வேகத்தை நம்பக் கூடாது, பெல்ட் வழுக்கும். அடுத்து, சூட்டை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிள் கம்பியை ஈர மையின் மேலேயே வைத்து, பெல்ட்டில் முழுச் சரக்கோடு, இடம், நடு, வலம் என மூன்று முறை ஓட்டவும். வெற்றுப் பெல்ட்டில் எடுத்த அளவு உதவாது. தொடாமல் சூடு பார்க்கும் ஐ.ஆர். கன் மேல்தோலை மட்டும் சொல்லும். ஓரங்கள் மட்டும் குளிர்ந்திருந்தால் எக்ஸாஸ்ட் டாம்பர் (புகை வெளியேறும் வழியின் தடுப்புத் தகடு) அதிகம் திறந்து வெளிக்காற்றை இழுக்கிறதா என்று பார்க்கவும். ஒயரிங் வேலை நடந்த மறுநாள் சூடு குறைந்தால் புளோயர் (காற்று விசிறி) சுற்றும் திசையைப் பார்க்கவும். தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் காற்று வரும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. பிறகு கிளாம்ப் மீட்டரில் மூன்று பேஸிலும் கரண்ட் ஓடுகிறதா என்று பார்க்கவும்.

மறுபக்கம், பி.வி. சரியாக இருந்தும் துணி கருகினால் தெர்மோகப்பிள் ஒயரைப் பார்க்கவும். அறுந்த இடத்தில் சாதாரணச் செம்பு ஒயர் போட்டிருப்பார்கள். தெர்மோகப்பிளில் ஒயர் இணையும் தலை 60 டிகிரி, பேனல் 35 டிகிரி என்றால் கண்ட்ரோலர் 25 டிகிரி குறைத்துக் காட்டும். அது 160 காட்டும்போது உள்ளே 185.

மடல் 8, ஐ.டி.ஐ. பயிற்றுநர்

கியூரிங்குக்கே ஒரு சொல் நம் வீட்டில் இருக்கிறது: வேக்காடு. 'அரைவேக்காட்டு மை' என்றால் விளக்கமே வேண்டாம். மை வேக ஆகும் நேரம் வேக்காட்டு நேரம் என்றாகிவிட்டால் ட்வெல் டைமுக்கு 'உள்ளிருப்பு நேரம்' பொருந்தும்.

மடல் 9, தமிழாசிரியர்

வேக்காடு அருமை, மறுபேச்சில்லை. உள்ளிருப்பு வேண்டாம், தொழிற்சாலைச் சுவரில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் போராட்டம்தான் நினைவுக்கு வரும். மேலும், வேக்காடு தனிச்சொல்லாகிவிட்டபின் உறைநேரத்தில் ஏது குழப்பம்?

மடல் 10, அட்டையை மொழிபெயர்ப்பவர்

பால் உறைவது நினைவுக்கு வந்துகொண்டேதான் இருக்கும், ஐயா. கியூரிங்குக்கு 'வேக்காடு', ட்வெல் டைமுக்கு 'தங்குநேரம்' என்று அனுப்புகிறேன்; அடியில் 'துணி சூட்டறைக்குள் நுழைந்து வெளிவரும் வரை' என்று ஒரு வரியும் இருக்கும்.

மடல் 11, தமிழாசிரியர்

அட்டைக்கு ஒப்புகிறேன். சொற்பட்டியலில் ஏற்றும்போது உறைநேரத்தையும் பக்கத்தில் போடுங்கள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.