புதுப்பிப்பு: லினக்ஸ் கர்னலில் இணைப்பு அட்டவணைக்கு எந்தப் பூட்டு?

பாக்கெட் வடிகட்டும் எங்கள் கர்னல் மாட்யூலின் இணைப்பு அட்டவணைக்கு (நடப்பு இணைப்புகளின் பட்டியல்) ஆர்டபிள்யூலாக் (rwlock, பலர் ஒன்றாக வாசிக்கவும் ஒருவர் மட்டும் எழுதவும் விடும் பூட்டு), ஸ்பின்லாக் (spinlock, கிடைக்கும்வரை சுழன்று காத்திருக்கும் பூட்டு), ஆர்சியூ (RCU, பூட்டில்லாமல் வாசிக்க விட்டு, வாசிப்பவர்கள் முடித்தபின் பழைய பதிவை விடுவிக்கும் முறை) ஆகியவற்றில் எது பொருந்தும் என்று முன்பு இதே இழையில் கேட்டிருந்தேன். தேடலுக்கு ஆர்சியூ, மாற்றத்துக்கு ஸ்பின்லாக் என்று முடிவு செய்துவிட்டோம்.

ஆர்டபிள்யூலாக்கில் வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் தடுப்பதில்லை என்றாலும், ஒவ்வொரு வாசிப்பும் பூட்டின் எண்ணிக்கையை மாற்றி எழுதுவதால், அந்த ஒரே கேஷ் வரி (கேஷ் நினைவகத்தின் சிறு துண்டு) பிராசசர் கோர்களுக்கிடையே ஓயாமல் பந்தாடப்படுகிறது. 2002இல் கர்னலுக்குள் வந்த ஆர்சியூவில் அந்தச் சுமை இல்லை. பாக்கெட் பாதைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை.

எழுதும் பக்கத்தில்தான் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. நிர்வாகியின் கட்டளையைச் செயல்படுத்தும் நிரல் பூட்டைப் பிடித்திருக்கும்போது, அதே கோரில் பாக்கெட் வந்து, சாஃப்ட்ஐஆர்க்யூ (softirq, வந்த பாக்கெட்டைக் கையாள இடையில் ஓடும் கர்னல் வேலை) குறுக்கிட்டு, புதிய இணைப்பைச் சேர்க்க அதே பூட்டைக் கேட்டால், இரண்டுமே நகராமல் நின்றுவிடும். ஆகவே அங்கே வெறும் ஸ்பின்_லாக் போதாது, பூட்டைப் பிடித்திருக்கும்வரை அந்தக் கோரில் சாஃப்ட்ஐஆர்க்யூவைத் தடுத்துவைக்கும் ஸ்பின்_லாக்_பிஹெச் வேண்டும்.

நீக்கிய பதிவுகளை, வாசிப்பவர்கள் முடித்தபின் நினைவகத்தை விடுவிக்கும் கேஃப்ரீ_ஆர்சியூவிடம் ஒப்படைக்கிறோம். ஆர்சியூ வாசிப்புப் பகுதியைத் தாண்டியும் பதிவைக் காட்டும் சுட்டி தேவைப்படும் இடங்களில், அதன் பயன்பாட்டு எண்ணிக்கை பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் மட்டும் அதைக் கூட்டும் ரெஃப்கவுண்ட்_இன்க்_நாட்_ஜீரோ வெற்றி பெற்றால் மட்டுமே அந்தப் பதிவைப் பயன்படுத்துகிறோம். பூட்டுப் பிழைகளைக் கண்டறியும் லாக்டெப்பை இயக்கிய கர்னலில் சோதனை தொடர்கிறது.